ஜன்னலில் காய்ந்த கரண்டி

தம்பிக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணிலும் குழாய் வழியாகப் பார்க்கிற அளவுக்குத்தான் பார்வை மிச்சம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் அவன். அத்தனை உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு சரக்குப்பெட்டியை லாரியில் முட்டையை வைப்பதுபோல் இறக்கி வைப்பான் என்று தையல் கடையில் அக்கா இன்றைக்கும் பீற்றிக்கொள்வாள்.

வேலை போன பிறகு அவனுக்கு மிஞ்சியவை பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்கிற குட்டிக் கப்பல்கள்தான். இப்போது மேஜைமேல் இருந்தது ஓர் இழுவைப் படகு. அதுதான் கடைசி என்று அவனே சொல்லிவிட்டான். வேறு கை படாமல் அதை முடித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவன் ஆசை.

"ஒரு புள்ளிகூட நீ வைக்கக் கூடாதுக்கா."

"எனக்கென்னடா தலையெழுத்து? பொத்தான் தைச்சே விரல் ஓட்டையாப் போச்சு" என்றாள் அக்கா.

கப்பலுக்கு எனாமல் பெயிண்ட். டப்பாவில் இருக்கிற கெட்டியிலேயே பூசினால் கப்பல் பக்கவாட்டில் புடைத்திருக்கும் பொடி ஆணித் தலைகளெல்லாம் கூழில் முங்கினதுபோல் மறைந்துவிடும்; தின்னர் ஊற்றிப் பால் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெயிண்ட் கம்பெனியே விற்கும் குட்டி பாட்டில் யானை விலை. அதனால் ஹார்டுவேர் கடையில் சில்லறையாகக் கிடைக்கும் டர்பன்டைனை வைத்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டான். படகின் சாம்பல் அடிப்பூச்சும் அதில் கலந்ததுதான். போன வாரம் பூசியது. ஆனால் அதோடு பழைய சரக்கு தீர்ந்துவிட்டது. கடைக்குப் புதிதாக வந்ததில் கலந்தால் பூச்சு காயாமல் பிசுபிசுவென்று நின்றது.

அக்கா அவன் முழங்கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிப்போனாள்.

"வாங்க கேப்டன்! கப்பல் இன்னும் கரை சேரலையா?" என்றார் கடைக்காரர்.

"நீங்க குடுத்த டர்பன்டைன சைக்கிள் செயினுக்குத்தான் விடலாம். அவ்ளோ எண்ணெய்."

"அப்ப மண்ணெண்ணெய்?"

"அதுக்கு இதுவே தேவலை."

கடைக்காரர் ஒரு தகர டப்பாவைத் தட்டினார். "கார் பட்டறைக்காரங்க வாங்கற தின்னர். சல்லிசு. ஊதறதுக்குள்ள காஞ்சிடும்."

தம்பி மூடியைத் திறந்து முகர்ந்து முகத்தைச் சுளித்தான். "முரட்டுச் சாமான்க்கா இது. கீழ இருக்கற பூச்சையே பேத்துடும். பிளாஸ்டிக்கையும் தின்னும்."

"அப்ப வேண்டாம். அந்தக் குட்டி பாட்டிலையே வாங்கிடலாம், விடு."

"கரண்டில பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றான். சீக்கிரம் காயும் என்ற சொல் அவனைப் பிடித்துக்கொண்டுவிட்டது. கண் காத்திருக்காது என்று அவனுக்குத் தெரியும்.

எந்த தின்னரானாலும் கரண்டியில் பார்க்காமல் கப்பலில் வைக்க மாட்டான். ஐஸ்கிரீம் கடையில் இனாமாகத் தரும் பிளாஸ்டிக் கரண்டிகளுக்கு அடிப்பூச்சு அடித்து, ஜன்னல் கம்பியில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். அதில் ஒன்றை எடுத்து, புது தின்னரைச் சிவப்பில் கலந்து பூசினான். மறுநாள் காலையில் அக்கா அதைத் தையல் கடை லென்ஸுக்கு அடியில் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு சுருக்கம் இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது.

"நிஜமாவா?"

"நான் என்னைக்குடா உனக்குப் பொய் சொன்னேன்?"

அவன் சிரித்தான். படகை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, விரல் நுனியால் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு, பக்கவாட்டு முழுக்கச் சிவப்பைப் பூசினான். ஓர் இடத்தில்கூடக் கோடு தாண்டவில்லை. பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூட நினைத்தாள்.

தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தவளின் முகத்தில் ஈயாடவில்லை. படகின் பக்கம் முழுவதும் கொதித்த பால்மேல் ஆடை சுருங்குவதுபோல் சுருங்கிக்கிடந்தது. சுருக்கங்களுக்கு இடையில் சாம்பல் பிதுங்கியது.

"என்னக்கா, சத்தத்தையே காணோம்?"

"சுருங்கிடுச்சுடா."

"எங்க?"

"எல்லாமே."

அவன் கை நீட்டித் தடவினான். ஒருமுறை தடவியதும் விரலை எடுத்துவிட்டான். "நான் எடுத்த கரண்டி எப்ப அடிச்சது?" என்று கேட்டான்.

அக்கா யோசித்தாள். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. போன கோடையிலேயே அடித்த கரண்டி அது. மாசக்கணக்காக வெயிலில் இறுகிக் கல்லாகிப்போன பூச்சு எந்த முரட்டுத் தின்னரையும் தாங்கும். படகின் பூச்சு பச்சைக் குழந்தை. மேலே காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே இன்னும் இறுகவில்லை.

"போன கோடை" என்றாள்.

"எனக்குத் தோணியிருக்கணும். தோணல."

அவன் கத்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து பூசலாம். ஆனால் அது காய்ந்து இறுகும்வரை அவன் வலது கண்ணில் அந்தக் குழாயளவு வெளிச்சம் இருக்குமா என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரமே அவள் குட்டி பாட்டிலை வாங்கிவந்தாள். சுரண்டினார்கள், அடிப்பூச்சு அடித்தார்கள், காயவிட்டார்கள். மழை பிடித்துக்கொண்டதால் காய்வது இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் சிவப்பைக் கலக்கிக் கொடுத்தபோது, தம்பி தூரிகையைத் தேடி எடுத்து, காம்புப் பக்கம் அவளிடம் நீட்டினான்.

"நீயே பூசுக்கா."

"நீதானே வேற கை படக் கூடாதுன்னே?"

"சொன்னேன்தான். பூசு."

அக்கா தூரிகையை நனைத்தாள். வெகு நேரம் அதைக் கிண்ணத்தின் விளிம்பிலேயே வழித்துக்கொண்டிருந்தாள்.

"ஆரம்பிச்சிட்டியா?"

"இல்லடா. நீ பார்த்துக்கிட்டிருந்தா கை கூசுது."

"நான் எங்கக்கா பார்க்கறேன்" என்றான் தம்பி.