முறை வைத்த பிச்சாத்தி

அந்தக் கத்தியை விரித்து மூக்கருகே கொண்டுபோனால் முதலில் பாக்கு மணக்கும், அப்புறம் மாங்காய்ப் பால் மணக்கும், அதற்கும் அடியில் தேங்காய் எண்ணெயும் இரும்பும் கலந்த ஒரு வாடை இருக்கும். மான்கொம்புப் பிடி, விரல் நீளத்தில் ஒற்றை அலகு, அரைஞாண் கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளப் பிடியின் நுனியில் ஒரு பித்தளை வளையம். தாத்தா அதைச் செங்கோட்டைச் சந்தையில் வாங்கினாராம். மலையாளம் கலந்து பேசுகிற அந்த ஊர்க்காரர்கள் அதற்குச் சொன்ன 'பிச்சாத்தி' என்ற பெயரும் கத்தியோடு சேர்ந்து தென்காசியில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டது.

இன்றைக்கு ஒருவர் இடுப்பில் கத்தியோடு பஸ்ஸில் ஏறினால் போலீஸைக் கூப்பிட்டுவிடுவார்கள். இரண்டாம் உலகப் போர் வருவதற்கு முந்திய அந்த நாட்களில் கத்தி இல்லாத ஆம்பிளையைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பாக்கு சீவுவதும், வாழை நாரைக் கிழிப்பதும், நகம் வெட்டுவதும், காலில் தைத்த முள்ளைக் கிளறுவதும், அரிக்கேன் விளக்கின் திரியைக் கருகல் நீக்கி நேராக்குவதும் எல்லாம் அந்த ஒரே கத்திதான். எதில் பட்ட அலகு எதில் படுகிறது என்று யாரும் யோசித்ததில்லை, அதனால் யாரும் செத்துப்போகவும் இல்லை.

தாத்தா காலமானதும் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சு நின்றது. வாய்க்கால் கரையில் நின்ற ஒரு மாமரம் யாருக்கு என்பதில் தொடங்கியது என்று சொல்வார்கள். மரம் எங்கே போயிற்றோ, வீட்டுக்கு நடுவே மதில் எழும்பிவிட்டது. பாகம் பிரிக்க வந்தவர்கள் அம்மியை ஒரு வீட்டுக்கும் குழவியை மறு வீட்டுக்கும் கொடுக்காததுதான் பாக்கி. ஆட்டுரல் அவர்களுக்குப் போயிற்று, திருகை எங்களுக்கு வந்தது. அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் இட்லி இல்லை, அவர்கள் வீட்டில் உளுந்து உடைக்க வழியில்லை. கிணற்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. மதில் கிணற்றின் இரண்டு ஓரத்திலும் வந்து முட்டி நின்றுவிட, இந்தப் பக்கம் ஒரு கப்பி, அந்தப் பக்கம் ஒரு கப்பி என்று போட்டுக்கொண்டு இரண்டு வீட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தண்ணீர் இறைக்கப் பழகிக்கொண்டார்கள்.

கடைசியில் மிஞ்சியது பிச்சாத்தி. தகப்பனார் கடைசிவரை வைத்திருந்தது, எனக்கு வேண்டும் என்றார் அப்பா, நான் மூத்தவன் என்றார் பெரியப்பா. பாகம் பிரிக்க வந்தவர்கள் காலமெல்லாம் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்தே பழகியவர்கள், வேறென்ன தோன்றும்? கத்திக்கும் முறை வைத்துவிட்டார்கள். ஒரு வாரம் எங்களுக்கு, ஒரு வாரம் அவர்களுக்கு, திங்கட்கிழமை காலையில் கைமாற வேண்டும். பேச்சில்லாதவர்கள் எப்படிக் கொடுத்து வாங்குவது என்ற கவலையும் இல்லை. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும், கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கிணற்று விளிம்புக் கல்லில் ஒருவர் வைக்க மற்றவர் எடுத்துக்கொள்ளலாம், வாயைத் திறக்கவே வேண்டாம்.

அப்படியும் எதற்கு நேரில் போக வேண்டும் என்று இரண்டு பேரும் அந்த வேலையைப் பெண்பிள்ளைகள் தலையில் கட்டினார்கள். எங்கள் பக்கம் நான், அந்தப் பக்கம் பெரியப்பா மகள் செல்லம். எங்களுக்கு ஒரே வயது, ஒன்பது. ஒரே பாயில் உறங்கி வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டதால் மதில் வந்தபின் ஒருவரையொருவர் பார்க்க அந்தத் திங்கட்கிழமைதான் உண்டு. கத்தியை வைத்துவிட்டு, எடுத்துவிட்டு, அம்மாமார் கூப்பிடும்வரை கதை பேசுவோம். அந்தக் கத்திக்கு ஏதாவது ஆனால் எனக்குச் செல்லம் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெரியவர்களுக்குத்தான் அது வெறும் கத்தி.

ஆனி மாதம், குற்றாலத்தில் சீசன். எங்கள் ஊர்வரை சாரல் வந்து நாள் முழுக்கத் தூவிக்கொண்டிருந்தது. துணி காயாது, தீக்குச்சி பற்றாது, கிணறு கைக்கெட்டும்படி ஏறிக் கிடந்தது. ஒரு திங்கட்கிழமை எங்கள் முறை முடிந்து கத்தியோடு போனேன். செல்லம் கையை நீட்டினாள்.

"கல்லு பாசி புடிச்சிக் கெடக்குட்டி. கையில தா."

"கையில குடுத்தா சண்ட வரும்லா?" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு நான் கத்தியை விளிம்புக் கல்லில் வைத்தேன். அது ஒரு கணம் இருந்தது. பிறகு மெள்ள வழுக்கி, எங்கள் இரண்டு பேர் கண் முன்னாலேயே கிணற்றுக்குள் போயிற்று.

நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். செல்லம் அழவில்லை, ஓடிப்போய்ப் பாதாளக் கரண்டியைத் தூக்கி வந்தாள். கிணற்றில் விழுந்த வாளி, குடங்களைத் துழாவி எடுக்கிற கொக்கிக் கொத்து அது, அவர்கள் பாகத்துக்குப் போயிருந்தது. கயிற்றில் கட்டி இறக்கி ஆள் மாற்றி ஆள் துழாவினோம். துருப்பிடித்த வாளிப் பிடி ஒன்று வந்தது, எப்போதோ காணாமற்போன எண்ணெய்க் கரண்டி வந்தது. கத்தி வரவில்லை, பெரியப்பா வந்துவிட்டார்.

"யாருட்டி போட்டது?"

"யாரும் போடல. கல்லுதான் போட்டது" என்றாள் செல்லம்.

சத்தம் கேட்டு எங்கள் பக்கம் அப்பாவும் பின்னாலேயே அம்மாவும் வந்தார்கள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்றார்கள், ஆனால் இரண்டு பேரும் தண்ணீரைத்தான் பார்த்தார்கள். இனி இந்தக் கிணற்றுக்கு நடுவிலும் சுவர் வந்துவிடும், திங்கட்கிழமையும் போயிற்று என்று நான் விம்ம ஆரம்பித்தேன். அப்பா கப்பியிலிருந்து இறைகயிற்றைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு மறு நுனியை அம்மாவிடம் நீட்டினார்.

"ஏட்டி, கயித்த இங்கன எறியச் சொல்லு ஒங்க அப்பாட்ட. பொம்பள புடிச்சாத் தாங்காது" என்றார் பெரியப்பா என்னிடம்.

"நான் ஒண்ணும் முங்கிர மாட்டேன்னு ஒங்க பெரியப்பாட்ட சொல்லு" என்றார் அப்பா, அவரும் என்னிடம்தான்.

நான் சொல்ல வேண்டியதே இல்லை, அவர்களுக்கு நடுவில் மூன்று முழத் தூரங்கூட இல்லை. அப்பா அம்மாவிடம் நீட்டிய நுனியை இழுத்துக்கொண்டார். பிறகு கயிற்று நுனியை அந்தப் பக்கம் எறிந்துவிட்டு உள்ளே இறங்கினார். பெரியப்பா அதைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு காலை ஊன்றி நின்றார்.

இரண்டு தடவை முங்கி வெறுங்கையோடு வந்தார் அப்பா. மூன்றாவது தடவை நேரமாயிற்று. பெரியப்பாவின் உதடு எதையோ முணுமுணுத்தது, கயிற்றை மெள்ள இழுத்துப் பார்த்தார், மறுபடி தளரவிட்டார், அதை நான் பார்த்தேன். எனக்கு அந்த மனிதர் மேல் அதுவரை இருந்த கோபமெல்லாம் அந்த நேரத்தில் போய்விட்டது. அப்பா தலை வெளியே வந்தது, கையில் கத்தி. ஒரு கையால் கிணற்றுச் சுவரைப் பற்றிக்கொண்டு மறு கையைத் தூக்கி நீட்டினார். வைப்பதற்கு எங்கேயும் இடமில்லை. பெரியப்பா குனிந்தார்.

"கையில வாங்காதிய அத்தான்! ஆகாது!" என்று கத்திவிட்டாள் அம்மா, பேச்சில்லை என்பதையே மறந்து.

"ஆமா, இனிமே வாரதுக்கு எந்தச் சண்ட பாக்கி இருக்கு?" என்றார் பெரியப்பா. கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

கிணற்றுக்குள் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயில் தண்ணீர் போய்ப் புரையேறியது.

"ஏலே, சிரிக்காதலே! முங்கிச் செத்துப்போவ!" என்று நேராக அவரைப் பார்த்தே கத்தினார் பெரியப்பா.

உடனே கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத ஆசைதான், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முறைப்படி அந்த வாரம் கத்தி அவர்களிடம் போயிற்று. அடுத்த திங்கட்கிழமை நான் கிணற்றடியில் காத்திருக்க, பெரியப்பா தெரு வழியாகச் சுற்றி எங்கள் வாசலுக்கு வந்து அப்பாவின் கையிலேயே கத்தியைக் கொடுத்தார். "ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார் அப்பா. கருப்பட்டிக் காப்பி, பெரியப்பா இரண்டு தம்ளர் குடித்தார். சீசன் முடிவதற்குள் இரண்டு வீடும் ஒரே வண்டியில் ஐந்தருவிக்குப் போய் வந்தோம். குளித்து நடுங்கிக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருக்க, பெரியப்பா அதே பிச்சாத்தியால் மாங்காயைக் கீறி உப்புத் தொட்டு வரிசையாகக் கொடுத்தார், முதல் துண்டை அப்பாவுக்கு. பிறகு திருகை அங்கே போயிற்று, எங்கள் வீட்டில் இட்லி வந்தது. செல்லம் எந்நேரமும் எங்கள் வீட்டில் கிடந்தாள்.

அதன்பின் முறையை யாரும் எண்ணவில்லை. இன்றைக்கு அந்தக் கிணற்றின் மேல் கம்பிவலை போட்டு மோட்டார் வைத்திருக்கிறார்கள், கப்பியும் பாதாளக் கரண்டியும் எந்த வீட்டிலும் கிடையாது. பிச்சாத்தியும் இல்லை. செல்லத்தின் கல்யாணத்துக்கு வாழை இலை நறுக்கத் தேடியபோதுதான் அது காணவில்லை என்பதே தெரிந்தது. அண்ணனிடம் இருக்கும் என்றார் அப்பா, தம்பியிடம் இருக்கும் என்றார் பெரியப்பா. தேடிப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் வேறு கத்தி வாங்கிக்கொண்டார்கள். எந்த வீட்டில் தொலைந்தது என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, இன்றுவரை யாருக்கும் தெரியாது.