கொழும்புக்குப் போய் வந்த முடிச்சு

சொந்த ஊருக்கு நான் சுற்றுலாப் பயணி. பதினோரு வருஷமாக ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன் அந்த நாட்டுக் குடிமகனாகவும் ஆகிவிட்டேன். வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்களுக்கு என்று ஓர் அட்டை உண்டு. அதை வாங்கியிருந்தால் உசிலம்பட்டியில் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். விண்ணப்பம் போடுவதை நாளைக்கு, அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தது நான்தான். அதனால் கையில் இருந்தது சுற்றுலா விசா. தொடர்ந்து தொண்ணூறு நாளைக்கு மேல் தங்கக் கூடாது.

வந்தது தங்கை மகனின் காதுகுத்துக்கு. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். நகையும் துணிமணியும் மாமன் சீராக வரும். ஆறு வருஷத்துக்கு முன் தங்கையின் மூத்த மகளுக்குக் குத்தினார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கடைசி வாரத்தில் வேலையைக் காரணம் காட்டி நின்றுவிட்டேன். என் இடத்தில் சித்தப்பா மகன் உட்கார்ந்தான். தங்கை ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. பேசத் தொடங்கிய பிறகும் வாயில் 'அண்ணே' வரவில்லை. போனை எடுத்தால் "ம், சொல்லு" என்பாள்.

இந்த முறை அப்படி ஆகக் கூடாது என்று நீண்ட விடுப்பு எடுத்து வந்து அம்மாவோடு தங்கினேன். மதுரைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று பவுனில் சங்கிலி, ஒரு ஜோடி தோடு, வெள்ளி அரைஞாண் எல்லாம் வாங்கினேன். காதுகுத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பெரியப்பா இறந்துபோனார். பங்காளி வீட்டுச் சாவு. பதினாறாம் நாள் கருமாதி முடிகிற வரை எங்களுக்குத் தீட்டு. தீட்டுக்காரன் சீர் தூக்க முடியாது, பிள்ளையை மடியில் வைக்கவும் முடியாது. விசேஷம் தள்ளிப் போனது.

கருமாதிக்கு முதல் நாள், சனிக்கிழமை, மாப்பிள்ளை வீட்டார் வந்து புது முகூர்த்தம் சொன்னார்கள். வருகிற வியாழக்கிழமை காலை, அவர்கள் குலசாமி கோயிலில். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வியாழக்கிழமை எனக்குத் தொண்ணூற்றிரண்டாவது நாள்.

மதுரை கே.கே. நகரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் கல்லூரி நண்பனிடம் ஓடினேன். அவன் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தான்.

"தொண்ணூத்தி ரெண்டு இல்ல மாப்ள, தொண்ணூத்தி மூணு. வந்த அன்னைக்கே ஒண்ணுன்னு எண்ணனும். கேதத்துக்கு, செத்த நாள்லருந்து பதினாறு எப்படி எண்ணுவ, அப்படித்தான்."

"இப்ப என்னடா செய்யிறது?"

"திங்கக்கிழமையோட உனக்கு முடியுது. அன்னைக்குக் காலையில கொழும்புக்குப் போ. ஒரு மணி நேரம்தான். ராத்திரி தங்கிட்டு செவ்வாக்கிழமை வந்துரு. புதுசா ஒண்ணுலருந்து எண்ணுவாய்ங்க."

"விடுவாய்ங்களா?"

"கேள்வி கேப்பாய்ங்க. ஒரே ராத்திரியில போயிட்டு வர்ற ஆளுகள்ல பாதிப் பேரு குருவின்னு அவய்ங்களுக்கு ஒரு நெனப்பு. பையில ஒண்ணும் வச்சுக்காத. பொடி, பொட்டலம் எதுவும் ஆகாது."

குருவி என்றால் கூலிக்குத் தங்கம் கடத்துகிறவன். நான் கணக்குப் பார்க்கிற மென்பொருள் எழுதுகிறவன். அவன் சொன்னது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

தங்கையிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். "சரி, போயிட்டு வா" என்றாள். அந்தக் குரலில் ஆறு வருஷத்துப் பழைய சந்தேகம் அப்படியே இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று அடுத்த நிமிஷமே தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை கருமாதி முடிந்தது. திங்கள் விடிகாலை அம்மா என் பையில் வழக்கம்போல் மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை வைத்தார். ஒவ்வொரு முறை நான் கிளம்பும்போதும் இது நடக்கும். திருநீறும் எங்கள் குலசாமி கோயில் மண்ணும் உள்ளே இருக்கும். அம்மாவுக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவுக்குள் வெளி மண்ணைக் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் வழியிலேயே ஏதாவதொரு விமான நிலையத்துக் குப்பைத்தொட்டியில் முடிச்சைப் போட்டுவிடுவேன். ஒரு முறைகூட அவிழ்த்துப் பார்த்ததில்லை.

கொழும்பில் வெள்ளவத்தையில் அறை எடுத்தேன். கடல் இரண்டு தெரு தள்ளி இருந்தது. போய்ப் பார்க்க மனசு வரவில்லை. தேநீர்க் கடைக்காரர், "இந்தியாவோ? எத்தனை நாள் நிப்பீங்கள்?" என்று அன்பாகத்தான் கேட்டார். நாள் கணக்கு கேட்டாலே எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "நாளைக்கே போறேன்" என்று சொல்லிவிட்டு டீயை வேகமாகக் குடித்தேன்.

செவ்வாய்க் காலை பையை ஒழுங்குபடுத்தினேன். பொடி, பொட்டலம் ஆகாது என்று நண்பன் சொன்னது ஞாபகம் வந்தது. முடிச்சை எடுத்துக்கொண்டு அறை மூலையில் இருந்த குப்பைத்தொட்டிக்குப் போனேன். காலால் மிதித்து மூடியைத் திறந்தும்விட்டேன். அப்போது கட்டிலில் கிடந்த போன் அடித்தது. விமான கம்பெனிக்காரர்கள். இன்றைய விமானம் ரத்து, நாளை மத்தியானம்தான் அடுத்தது என்றார்கள். முடிச்சைப் பைக்குள் திணித்துவிட்டு அவர்களோடு சண்டை போட ஆரம்பித்தேன். சென்னை வழி, திருச்சி வழி எல்லாம் கேட்டேன். எதிலும் இடம் இல்லை.

தங்கைக்குச் சொன்னபோது அவள் திட்டவில்லை. "எதுக்கும் இருக்கட்டும்னு சித்தப்பா மகன்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அன்று முழுக்க அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். முடிச்சை மறந்தே போனேன்.

புதன்கிழமை மத்தியானம் மதுரையில் இறங்கினேன். இமிகிரேஷனில் இருந்தவர் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.

"திங்கக்கிழமை போயிருக்கீங்க. என்ன வேலையா?"

"நாள் முடிஞ்சு போச்சு சார். நாளைக்குத் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. நான்தான் மாமன்."

அவர் என்னைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், எழுந்து உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். ஐந்து நிமிஷம்தான் இருக்கும். பிறகு முத்திரை விழுந்தது. ஒன்று. புதிதாக ஒன்று. ஓடிப்போய் யாரையாவது கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

அந்தச் சந்தோஷம் சுங்கச் சோதனை வரைக்கும்தான். பை இயந்திரத்துக்குள் போனது, நின்றது, பின்னால் வந்தது, மறுபடி போனது. இளம் அதிகாரி ஒருவர் என்னைத் தனி மேஜைக்குக் கூட்டிப்போனார். உள் ஜிப்பைத் திறந்து முடிச்சை எடுத்தார்.

"இதுல என்ன இருக்கு?"

"குலசாமி மண்ணு சார். திருநீறும் இருக்கும்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல." இதை நான் அடித்துச் சொன்னேன். கொஞ்சம் சலிப்போடும் சொன்னேன்.

அவர் அவிழ்த்தார். உள்ளே மூன்று சின்ன முடிச்சுகள் இருந்தன. முதல் முடிச்சில் மண் இருந்தது. இரண்டாவதில் திருநீறு. மூன்றாவதில் ஒரு சங்கிலியும் இரண்டு தோடும் அரைஞாணும் இருந்தன. நான் வாங்கியவைதான். பளபளவென்று புதுசு.

மூத்த அதிகாரி ஒரு பெண்மணி. வந்து உட்கார்ந்து நிதானமாகக் கேட்டார். கொழும்பில் யாரைப் பார்த்தீர்கள், யார் கொடுத்தது, வெளியே யார் வாங்க வருவார்கள். இது மதுரையில் வாங்கியது என்றேன். அப்படியானால் மண் என்று ஏன் சொன்னீர்கள் என்றார். எனக்கே தெரியாது என்றேன். அந்த மேஜைக்கு முன்னால் எத்தனை பேர் இதே வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கே என் மேல் நம்பிக்கை போய்விட்டது. ரசீது எங்கே என்றார். அம்மா பெயரில் இருக்கிறது, உசிலம்பட்டியில் இருக்கிறது என்றேன். மணி மூன்று. வழக்கு என்று எழுதிவிட்டால் நாளைக் காலையில் நான் எங்கே இருப்பேன் என்று தெரியாது. கோயிலில் சித்தப்பா மகன் உட்கார்ந்திருப்பான்.

"உங்க அம்மா நம்பரைச் சொல்லுங்க. நீங்க வாயத் திறக்கக் கூடாது" என்றார் அந்தப் பெண்மணி. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏர்போர்ட்ல இருந்து பேசுறேன்மா. உங்க மகன் பையில நீங்க ஏதாச்சும் வச்சீங்களா?"

"யாரு தாயி? எம்மகனுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. என்ன வச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"சீருதான் தாயி. மூணு பவுன் சங்கிலி, தோடு, அரணாக்கொடி. சங்கிலிக் கொக்கியில கறுப்பு நூலு சுத்தியிருப்பேன், கண்ணு படக் கூடாதுன்னு. திருநீத்துக்குள்ள ஒரு ரூவா துட்டும் கெடக்கும் பாருங்க."

இளம் அதிகாரி கொக்கியைத் திருப்பிப் பார்த்தார். கறுப்பு நூல் இருந்தது. திருநீற்றுக்குள் விரலை விட்டுத் துழாவினார். நாணயம் வந்தது.

"அவருகிட்ட ஏம்மா சொல்லல? வெளிநாட்டுக்குப் போற பையில நகைய வைக்கலாமா? கேத வீடுன்னு வச்சீங்களா?"

எனக்கும் அதுதான் காரணமாகப் பட்டிருந்தது. தீட்டுப்பட்ட வீட்டு பீரோவில் சீர் இருக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

"தீட்டெல்லாம் ஞாயித்துக்கிழமையே கழிஞ்சு போச்சு தாயி" என்றார் அம்மா. "போன தடவ வாரேன் வாரேன்னு சொல்லிட்டு வராமப் போயிட்டான். சீரு வீட்டுல இருந்துச்சு, அவன் தம்பிய உக்கார வச்சு முடிச்சுட்டோம். எம்மக இன்னும் அதச் சொல்லி அழுகுது. இந்தத் தடவ பிளேன் ஏறிப் போறேங்கிறான். அங்கிட்டே போயிட்டா நான் என்ன செய்ய? சீரு அவன் கையில இருந்தா எப்படியும் வந்துருவான். அவன் இல்லாம யாரும் நடத்தவும் முடியாதுல்ல. அதான் வச்சேன்."

இளம் அதிகாரி முடிச்சுத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. அம்மா சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

அந்தப் பெண்மணி போனை வைத்துவிட்டு, "அசல் ரசீது வரணும். அதுவரைக்கும் இங்கதான் இருக்கணும்" என்றார். குரல் மாறவில்லை. ஆனால் தண்ணீர் பாட்டில் ஒன்றை என் பக்கம் தள்ளினார். தங்கை கணவர் உசிலம்பட்டிக்குப் போய் ரசீதை வாங்கிக்கொண்டு வந்து சேர ஐந்தேகால் ஆனது. எடையைச் சரிபார்த்தார்கள், எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் வெளியே விட்டார்கள்.

மறுநாள் கோயிலில் சித்தப்பா மகன் புதுப் பட்டு வேட்டியோடு நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும், "அண்ணே, அப்ப நான் தப்பிச்சேன். போன தடவை பிள்ள என் வேட்டியவே நனைச்சிருச்சு" என்றான். உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். ஆசாரி குத்தியபோது அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். தங்கை அவன் தலைக்கு மேலே குனிந்து, "நல்லாப் பிடிச்சுக்கண்ணே, தலைய ஆட்டுறான்" என்றாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அழுதிருப்பேன்.

திரும்பி வரும்போது காரில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. இத்தனை வருஷமாக முடிச்சுகளை என்ன செய்தேன் என்று சொல்லிவிட்டேன். கொழும்பில் இந்த முடிச்சையும் குப்பைத்தொட்டி வரைக்கும் கொண்டுபோனதையும் சொன்னேன்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கார் கருமாத்தூரைத் தாண்டியது. பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இதப் போடலைல? போட மனசு வரலைல?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். போன் அடித்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.