ஜங்லிகாட்டிலிருந்து பத்துபஸ்திக்கு, கால்களைக் கட்டிக்கொண்டு

சனிக்கிழமை காலை ஆறு மணி. ஜங்லிகாட்டில் காதர் பாய் சைக்கிள் கடை வாசலிலிருந்து, இரண்டு கால்களையும் சைக்கிள் பெடலோடு வாரால் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். பத்துபஸ்தி மூன்று மைல் இருக்கும். அங்கேதான் எங்கள் அதிகாரி வீடு. ஏழு மணிக்குள் சைக்கிளில் போய் நின்றால் கப்பலில் போக வேண்டிய மாயாபந்தரில் அம்மை குத்தும் வேலை எனக்கு என்று சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் போர்ட் பிளேர் ஆபீஸிலேயே கவர் ஒட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

மாயாபந்தரைச் சுற்றியுள்ள குடியேற்றக் கிராமங்களுக்குச் சைக்கிள் இல்லாமல் ஆகாது. எனக்கோ இடது கால் மூன்று வயதிலேயே சூம்பிவிட்டது. பெடலில் வைத்தால் நழுவும். ஊரில் எல்லோரும் "நீ உட்காருப்பா" என்று சொல்லியே வளர்த்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காதர் பாய் கீழக்கரைக்காரர், என் வயதுதான். மாலுமி ஒருவன் விற்றுவிட்டுப் போன பந்தய சைக்கிளின் பெடல்களைக் கழற்றி எனக்கு மாட்டிக் கொடுத்தார். முன்னால் இரும்புக் கூடு, குறுக்கே தோல்வார். ஜோடி எட்டு ரூபாய். வாரை இறுக்கிவிட்டால் நல்ல கால் ஒன்றே அழுத்தவும் செய்யும், மேலே இழுக்கவும் செய்யும்.

"ஓட்டுறது ஒண்ணுமில்ல பாய், நிக்கிறதுதான் முஷ்கில்," என்றார். "பஹ்லே குனிஞ்சு வலது வாரை லூஸ் பண்ணுங்க. அதுக்கப்புறம்தான் பிரேக். மாத்திப் பண்ணா தரைதான்."

நான்கு நாள் பழகினேன். பதினோரு முறை தரைதான்.

ஆறு இருபது. முதல் மேட்டில் மூச்சு வாங்கியது. பின்னால் வந்த மர லாரி என்னோடு சேர்ந்து ஊர்ந்தது. டிரைவர் தலையை நீட்டி, "அரே பாபு, பைர் கியூன் பாந்தா?" என்றார். காலை ஏன் கட்டியிருக்கிறாய் என்று கேட்கிறார்.

"கிர்னே கே லியே," என்றேன். விழுவதற்குத்தான்.

சிரித்துவிட்டு, சைக்கிளைப் பின்னால் போடு, இறக்கிவிடுகிறேன் என்றார். சபலம் தட்டியது. பத்துபஸ்தி முக்கில் இறங்கி ஓட்டிப் போனால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே. கையை ஆட்டி லாரியை அனுப்பிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். வலது தொடை எரிந்தது. மேடு முடிந்தபோது அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

ஆறு ஐம்பது. அதிகாரி கேட்டருகே பல் துலக்கிக்கொண்டு நின்றார். குனிந்து வாரைத் தளர்த்த வேண்டிய நேரம். ஆனால் ஒன்பது வருஷ சர்க்கார் உத்தியோகம் சும்மா விடுமா? அவரைக் கண்டதும் வலது கை தானாக நெற்றிக்குப் போய் சலாம் வைத்தது. இடது கை பிரேக்கைப் பிடித்தது. சைக்கிளோடு சேற்றில் சாய்ந்தேன்.

அதிகாரி பதறி ஓடிவந்தார். "இதுக்குத்தான்யா வேணாம்னேன். அங்க காட்டுப் பாதையில விழுந்தா யார் தூக்குவா?"

"தொடாதீங்க சார். தள்ளி நில்லுங்க."

அதிகாரியிடம் அப்படிப் பேசியது அன்றுதான். அவர் நின்றுவிட்டார். படுத்தபடியே வலது வாரை அவிழ்த்தேன், பிறகு இடதை. சைக்கிளைப் பிடித்து எழுந்து, அதையும் நிமிர்த்தி நிறுத்தினேன்.

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு என் கால்களைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை கப்பல். சைக்கிளுக்கும் சேர்த்துப் பாஸ் எழுதச் சொல்றேன்."

"உள்ள வந்து உட்காரு" என்று மட்டும் அவர் சொல்லவில்லை.