சீட்டிக்கு எழுந்து நின்றவர்கள்

எனக்குச் சீட்டி அடிக்கத் தெரியும். விரல் வைத்தும் அடிப்பேன், உதட்டைக் குவித்தும் அடிப்பேன். இதைச் சொல்ல எனக்கு அன்றும் வெட்கமில்லை, இன்றும் இல்லை. "பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியப்போவுது?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். விடிகிறதோ இல்லையோ, சீட்டி அடித்தால் எங்கள் நாய் வந்தது. எனக்கு அது போதும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். எனக்குப் பதினெட்டு வயது, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மழைக்காலத்தில் ரப்பர் தோட்டத்து வேலியோரம் நனைந்து நடுங்கிக் கிடந்த ஒரு குட்டியை மடியில் கட்டித் தூக்கி வந்தேன். எங்கள் பக்கத்தில் நாயைப் பட்டி என்பார்கள். "பட்டி கெடந்துட்டுப் போட்டும். ஆனா மனுசப் பேரு வைக்கப்பிடாது. பேரு ஞானஸ்நானத்துக்கு உள்ளதாக்கும்" என்று அப்பா ஒரே பிடியாய்ச் சொல்லிவிட்டார். பேர் இல்லாத ஒன்றை எதைச் சொல்லிக் கூப்பிடுவது? அதனால்தான் சீட்டி. பழி முழுவதையும் என் தலையில் போட்டவர்கள் இதையும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

முதல் வாரம் நான்தான் மடச்சி. நெத்திலிக் கருவாட்டைக் காட்டிவிட்டுப் பிறகு சீட்டி அடித்தேன். அது கருவாட்டைத்தான் பார்த்ததே தவிர, சீட்டியைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் மாற்றினேன். முதலில் சத்தம், மூச்சு விடுவதற்குள் கருவாடு. ஒரு நெத்திலியை மூன்றாய்க் கிள்ளிக்கொள்வேன். வயிறு நிறைந்துவிட்டால் எந்த நாய் பேச்சைக் கேட்கும்? கிணற்றடியிலிருந்து கூப்பிட்டேன், தொழுவத்திலிருந்து கூப்பிட்டேன், பிறகு வாய்க்கால் கரைக்குப் போய் நின்றும் கூப்பிட்டேன். நாக்கை மேல்வாயில் தட்டி "டொக்" என்றால் உட்கார வேண்டும். நன்றாகப் பழகிய பிறகு சில தடவை கொடுப்பேன், சில தடவை கையை விரித்துவிடுவேன். அப்போதுதான் இன்னும் வேகமாய் ஓடி வந்தது. ஒரு நாள்கூட அதை அடித்ததில்லை. "ஒங்க பிரம்புல ஏறாதது என் கருவாட்டுல ஏறுது பாத்தீங்களா?" என்று அப்பாவிடம் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடித்தது என்ன ராகம் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வேதக்கோயில் பாட்டுதான். ஆராதனை முடியும்போது சபை முழுவதும் எழுந்து நின்று ஒரு துதிப்பாட்டுப் பாடும். அதன் முதல் வரிதான் என் வாய்க்குத் தானாக வந்தது.

நாய்க்கு ஒன்றரை வயதானபோது சந்தையில் வைத்துத் தோட்டத்துக் கங்காணி அதைப் பார்த்தார். சொன்னபடி உட்காருகிற நாய், சொன்னபடி வருகிற நாய் என்றதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. "இது எனக்க பட்டி போட்ட குட்டியாக்கும். வேலியோரம் கெடந்தா களவாண்டுட்டுப் போவியா?" என்றார். அவர் வீட்டில் ஏற்கெனவே மூன்று நாய்கள் சங்கிலியில் கிடந்தன. விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ணிவிடலாம். அந்தச் சங்கிலிக்கு என் நாயைக் கொடுப்பதா? செத்தாலும் மாட்டேன் என்றேன். அப்பாவோ சண்டைக்குப் பயந்தவர், கங்காணியோ சபையில் பெரிய கை. விஷயம் சபையை நடத்துகிற உபதேசியாரிடம் போனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் நாயைக் கூப்பிட வேண்டும், அது யாரிடம் போகிறதோ அவருக்குத்தான் நாய் என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

அந்த ஞாயிறு பார்த்துத்தானா எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் அம்மா வர வேண்டும்! திருவட்டாற்றிலிருந்து இரண்டு பெண்களோடு வந்து, கோயில் முற்றத்துப் பாயில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா என் காதோரம் குனிந்தார்.

"மக்களே, சீட்டி கீட்டி அடிச்சிராத. அவங்க பாத்துக்கிட்டு இருக்காங்க. வாயால கூப்பிடு, போதும்."

அயனி மரத்தில் கட்டியிருந்த நாயை உபதேசியார் அவிழ்த்துவிட்டுப் போய்ப் படியில் உட்கார்ந்தார். கங்காணி ஒரு பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, வேகவைத்த இறைச்சியை இலையில் வைத்து நீட்டி, "வாடே, வா வா" என்றார். நான் மறுபக்கம் நின்று, அப்பா சொன்னபடி, "வா, வா" என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல்லை அது ஒரு நாளும் கேட்டதில்லை. யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்து என்னைப் பார்த்தது, பிறகு மூக்கைத் தூக்கி இறைச்சிப் பக்கம் நடந்தது. நாலு எட்டு வைத்தது, ஐந்தாவதும் வைத்தது. மாப்பிள்ளை இன்னொருவன் கிடைப்பான், கிடைக்காமலும் போவான். போனால் போகட்டும், நாயைச் சங்கிலிக்குக் கொடுக்க மாட்டேன்.

உதட்டைக் குவித்தேன். முதல் வரி முழுவதும் அடித்தேன்.

முற்றத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்! பிறந்ததிலிருந்து அந்த ராகத்துக்கு எழுந்தே பழகிய கால்கள், யார் பாடுகிறார்கள் என்று பார்ப்பதற்குள் எழுந்துவிட்டன. மாப்பிள்ளையின் அம்மாவும் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்தாள். கங்காணி பதறி எழுந்து தலைத்துண்டை உருவிக் கை கூப்பினார். இலை இறைச்சியோடு மண்ணில் விழுந்தது. நாய் அதை மோந்துகூடப் பார்க்காமல் திரும்பி ஓடி வந்து என் காலடியில் உட்கார்ந்தது. கையில் ஒரு நெத்திலித் துண்டுகூட இல்லை. வெறும் கையை அது நக்க, எனக்கு அழுகையாய் வந்தது.

"ஆண்டவருக்க பாட்டையா பட்டிக்குச் சீட்டி அடிக்க?" என்று உபதேசியார் கத்தினார்.

"நீங்களும் எழும்பித்தானே நின்னீங்க, உபதேசியாரே?" என்றேன்.

"பொண்ணுக்கு வாய் நீளம்" என்று மாப்பிள்ளையின் அம்மா பாயைச் சுருட்டினாள். சம்பந்தம் அத்தோடு முறிந்தது, நாய் எனக்கு நிலைத்தது. அப்பா பத்து நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை, நான் மட்டும் என்ன இளைத்தவளா?

பதினோராம் நாள் அந்திக்கு நாய் வீடு திரும்பவில்லை. விளக்கேற்றுகிற நேரம் அப்பா முற்றத்தில் இறங்கினார். தோட்டத்துப் பக்கம் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து உதட்டைக் குவித்து ஊதினார். காற்றுதான் வந்தது. மறுபடியும் ஊதினார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், உதவிக்குப் போகவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"நீ ஒண்ணு அடி மக்களே."

"நான் அடிக்க மாட்டேன். நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேருக்கா பட்டியக் காணல? எனக்குல்லா காணல" என்றார். "பலமா அடி. கோயில் வரைக்கும் கேக்கட்டும்."