மூன்றாவது குரல்

ஏற்காடு தபால் ஆபீசில் ஞானசுந்தரத்தைப் போல மெதுவாக நடக்கிற போஸ்ட்மேன் இருந்ததில்லை. கொட்டச்சேட்டில் ஒரு காப்பி, வெள்ளக்கடையில் ஒரு வெற்றிலை, நடுவில் எந்த எஸ்டேட் ரைட்டராவது அகப்பட்டால் ஊர்வம்பு. ஆனாலும் அவர் கொண்டுபோன தபால் ஆள் கைக்குப் போகாமல் திரும்பியதே கிடையாது. அதற்குக் காரணம் அவர் கூப்பிடுகிற விதம்.

மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் முதல் கூப்பிடுதலுக்கு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இரண்டாவதற்கும் மாட்டார்கள். மூட்டத்துக்குள் நடமாடுகிற 'மற்றதுகள்' இரண்டு தடவைதான் கூப்பிடும், பதில் கொடுத்தவரைக் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று பேச்சு. மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் மனுஷர், கதவைத் திறக்கலாம். ஞாயிறு பூசை தவறாத ஞானசுந்தரம் இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை. நம்பாவிட்டாலும் மூன்று தடவை கூப்பிடுவார், அதுவும் பெயர் சொல்லி. வெறுமனே "அம்மா" என்று எந்த வாசலிலும் கூப்பிடமாட்டார். பிள்ளையைப் பறிகொடுத்த வாசல் எதுவென்று தபால்காரனுக்குத் தெரியாமல் இருக்கலாமா என்பார்.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மழையில், அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அப்போது பார்த்துத்தான் மாதம்மாளுக்கு வெளிநாட்டுப் பார்சல் வந்தது.

மாதம்மாள் எஸ்டேட் ஓரத்து வீட்டில் தனியாக இருந்தவள். அவள் மகன் சித்தன் அரபு நாட்டுக்குக் கட்டட வேலைக்குப் போய், அங்கேயே இறந்து, அங்கேயே மண்ணுக்குள் போனான். அந்தத் தந்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தவரும் ஞானசுந்தரம்தான். சாவதற்கு முன் சித்தன் கப்பலில் போட்ட பார்சல் இப்போதுதான் கரை சேர்ந்திருந்தது. சுங்கக்காரர்கள் பிரித்துப் பார்த்து, திரும்பத் தைத்து, அரக்கு முத்திரை வைத்து அனுப்பியிருந்தார்கள்.

பதில் ஆளாக வந்த அடிவாரத்துக்காரன் பாவம், மலை வழக்கம் தெரியாதவன். தினமும் போய் அவள் வாசலில் நின்று "அம்மா, அம்மா" என்று இரண்டு குரல் கொடுத்திருக்கிறான். பதில் இல்லை. எழுத்தறியாதவள் வீட்டுக் கதவில் சீட்டைச் செருகிவிட்டு, 'ஆள் இல்லை' என்று எழுதித் திரும்பிவிட்டான்.

தொண்டை கட்டிய நிலையில் வேலைக்கு வந்த ஞானசுந்தரம் அதைப் பார்த்துப் பதறினார்.

"நாளைக்குக் காலைல இது திரும்பிப் போயாகணும்" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"யாருக்குங்க?"

"அனுப்புனவருக்குத்தான். வேற யாருக்கு? சட்டம் அதுதான்."

"அனுப்புனவன் செத்துப்போயிட்டானுங்களே."

"அதுக்குச் சட்டத்துல எடம் இல்லீங்க ஞானசுந்தரம். அந்தம்மா கைநாட்டு இன்னிக்கே வேணும்."

அவர் கிளம்பினார். அன்றைக்கு எங்கேயும் காப்பி இல்லை, வெற்றிலை இல்லை. மகனுடையது என்று அவளுக்கு மிச்சம் இருந்தது இந்த மூட்டை ஒன்றுதான்.

பிற்பகல்தான், ஆனாலும் மூட்டத்தில் சில்வர் ஓக் மரங்கள் அடிப்பாகம் மட்டும் தெரிய நின்றன. பறவைச் சத்தம் அடங்கியிருந்தது. வாசலில் நின்று கூப்பிட்டார்.

"மாதம்மா!"

தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு நின்றுபோனது. அவள் கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"மாதம்மா!"

மூன்றாவது தடவை வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார். இருமல் பிடித்துக்கொண்டது. கதவைத் தட்டிப் பயனில்லை, தட்டுவதற்கும் திறக்கமாட்டார்கள். அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. இத்தனை வருஷத்தில் இந்த ஒன்றைத்தானா திருப்பி எடுத்துப் போக வேண்டும்!

அப்போது அவர் முதுகுக்குப் பின்னால், காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து, ஓர் இளங்குரல் கூப்பிட்டது.

"அம்மா."

அவர் பார்சலை மார்போடு இறுக்கிக்கொண்டார். திரும்பவில்லை. திரும்பத் துணிச்சல் வரவில்லை.

தாழ்ப்பாள் விலகியது. மாதம்மாள் நின்றாள். ஒடுங்கிப்போயிருந்தாள்.

"நீங்களா... ஏனுங்ண்ணா, நான் நொம்ப பயந்துட்டனுங்க. தெனமும் எம்பையன் வந்து ரெண்டு வாட்டி அம்மா அம்மான்னு கூப்புடறான். நெஞ்சைக் கல்லாக்கிட்டு ஊட்டுக்குள்ளயே கெடந்தனுங்க. மூணாவது கேட்டதுந்தான் மனுசருன்னு தெறந்தேன்."

தினமும் கூப்பிட்டது பதில் ஆள் என்று சொல்ல நினைத்தார். குரல் எழவில்லை. பார்சலை நீட்டி, மைப்பெட்டியைத் திறந்தார். அவள் கட்டைவிரலை ஒற்றினாள். தையலைப் பல்லால் பிரித்தாள். உள்ளே கம்பளி ஒன்று. மலைக்குளிரில் அம்மா நடுங்குவாளே என்று பாலைவனத்தில் இருந்தவன் வாங்கியது. முகத்தில் புதைத்துக்கொண்டு விம்மினாள்.

பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இதை நீட்டறப்போ ஒரு வார்த்தகூடப் பேசலியே. தொண்ட கட்டிருச்சுங்களா?"

அவர் தலையசைத்தார்.

"அப்போ மூணாவதாக் கூப்பிட்டது ஆருங்க?"

அவர் காப்பிச் செடிகள் பக்கம் கையை நீட்டினார். மாதம்மாள் அவரைத் தாண்டி மூட்டத்தைப் பார்த்தாள். மலையில் யாரும் செய்யத் துணியாததை, இத்தனை நாளும் பல்லைக் கடித்து அவளும் செய்யாமலிருந்ததை, அப்போது செய்தாள், பதில் கொடுத்தாள்.

"ஏஞ் சாமி? வந்து சேந்துருச்சு கண்ணு. நீ போ."

காப்பிச் செடிகள் ஒரு தடவை அசைந்து நின்றன. இருவரும் வெகுநேரம் காத்திருந்தார்கள். அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை.