தேள் எந்தக் கையில்

என் உடம்பில் பச்சை கிடையாது. பெயர், வேல், ஒரு புள்ளிகூடக் கிடையாது. ஆனாலும் ஒரு தேளை வலது கையில் எந்த இடத்தில், எத்தனை அங்குல நீளத்தில், வால் எந்தப் பக்கம் பார்க்கக் குத்துவது என்று மண்டையை உடைத்துக்கொண்ட அரசு ஊழியன் புதுச்சேரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நடந்தது எழுபதுகளின் கடைசியில். அப்போது வெளியே சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். இப்போது வருவது ஓய்வூதியம் மட்டும்தான். அதை இந்தக் காரணத்துக்காக நிறுத்த விதியில் இடமில்லை, பார்த்துவிட்டேன்.

எல்லாம் அக்காவுக்காக. முத்தியால்பேட்டையில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தாள். மாமா இறந்த பிறகு தட்டாஞ்சாவடிப் பட்டறை ஒன்றில் அட்டைப்பெட்டி ஒட்டப் போய்க்கொண்டிருந்தாள். ஒரே மகள். மகளைக் கட்டிக்கொண்டவர் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். கல்யாணமான ஆறாம் மாதம் அவளைப் பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. கடிதம் எங்களுக்கு வந்து சேர்ந்தபோது அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியே மூன்று வாரம் ஆகியிருந்தது. அக்கா அதைத் திரும்பத் திரும்ப என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னாள், இந்த முறை வேறு ஏதாவது எழுதியிருக்கும் என்பது போல.

அடுத்த கர்ப்பம் தங்கியதும் மகள் எழுதினாள்: "நீ பக்கத்துல இல்லாம நான் பெத்துக்க மாட்டேம்மா." பெற்றுக்கொள்ளாமல் என்னதான் செய்வாள் என்று கேட்க வாய் வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். அந்த நாளில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், மின் இணைப்பு எல்லாம் என் கையெழுத்தில்தான் போயின. அடித்தல் திருத்தல் இருக்காது. எந்தத் தாளை எந்தத் தாளுக்கு மேல் வைத்துக் குத்த வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியும். அந்த விண்ணப்பத்தில், காணத்தக்க அடையாளங்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அக்கா ஒரு கையை மட்டும் திருப்பி நீட்டினாள். முன்கையின் உள்பக்கத்தில் தேள். அவளுக்குப் பத்து வயதில், மாசி மகத்துக்குக் கடற்கரைக்குப் போன இடத்தில் சித்தப்பா குத்திவிட்டது. தேளைக் குத்திக்கொண்டால் தேள் கொட்டாது என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அக்கா கிளி வேண்டும் என்று அழுதாளாம். பார்த்தேன், எழுதினேன், அனுப்பினேன்.

மெட்ராஸிலிருந்து பாஸ்போர்ட் பதிவுத் தபாலில் வந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வலது முன்கையில் தேள் உருவப் பச்சை என்று வாசித்தபோது அவள் வலது கையால் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்திவிட்டுக் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

"சோத்தாங்கையில எங்கடா இருக்கு தேளு?"

விண்ணப்ப நகலை எடுத்துப் பார்த்தேன். என் அழகான கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், வலது என்று இருந்தது.

"ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சனே, எந் தம்பி எழுதுனா ஒரு புள்ளி தப்பாதுன்னு" என்றாள் அக்கா. திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திருத்தம் செய்யும் வழி எனக்கு மனப்பாடம். உறுதிமொழிப் பத்திரம், புது விண்ணப்பம், பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைப்பது, மறுபடி போலீஸ் விசாரணை. விசாரணைக்கு வரும் ஏட்டு அக்கா பட்டறைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வருவார், கதவு பூட்டியிருந்தது என்று எழுதுவார். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் மூன்று மாதம். பிரசவத்துக்கு இருந்தது ஒன்பது வாரம்.

அதற்கு நடுவில் இன்னொரு படி இருந்தது. விசாவுக்கு வைக்கும் தாள்களில் ஒன்றை நொத்தேர் முத்திரையிட்டுக் கொடுக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து எங்கள் ஊரில் பத்திரங்களைச் சரிபார்த்துக் கையொப்பமிடுகிறவர் நொத்தேர். பாஸ்போர்ட்டில் உள்ள ஆள் இவர்தான் என்று, அடையாளத்தை நேரில் பார்த்து, அவர் எழுதித் தர வேண்டும். நாங்கள் போக வேண்டியிருந்த நொத்தேர், சொந்தத் தம்பியின் கிரயப் பத்திரத்தையே ஒரு காற்புள்ளிக்காகத் திருப்பி அனுப்பினவர் என்று பெயர். அவர் கொடுத்த நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். தாளை மாற்ற முடியாவிட்டால் கையை மாற்ற வேண்டியதுதான். பாஸ்போர்ட்டில் சொன்ன அடையாளம் உடம்பில் இருக்க வேண்டும் என்பது விதி. பாஸ்போர்ட்டில் சொல்லாத அடையாளம் உடம்பில் இருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆகவே இடக்கைத் தேள் இருந்துவிட்டுப் போகட்டும்; வலக்கையில் புதிதாக ஒரு தேளைக் குத்திவிட்டால் பதிவேடு உண்மையாகிவிடும். இதைக் கண்டுபிடித்த பிற்பகல் என் நாற்காலியில் சற்று நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

அலுவலகத்தின் வரைபடப் பிரிவிலிருந்து ஒரு டிரேசிங் தாள் வாங்கிவந்தேன். அக்காவின் இடக்கையில் அதை வைத்துத் தேளைப் பென்சிலால் எடுத்தேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆனதில் மை பரவி, கொடுக்குகள் தடித்து, அது ஒரு கரண்டி போல ஆகியிருந்தது.

"இதப் பாத்துத் தேளுன்னு எழுதுனவன் தேளையே பாத்திருக்க மாட்டான்" என்றாள்.

"நீதான அக்கா தேள்னு சொன்ன?"

"நான் சொன்னத எழுதுற ஆளு, எந்தக் கைன்னும் எங்கிட்டயே கேட்டிருக்கலாமில்ல?"

பிறகு அவள் தன் வழக்கை எடுத்தாள். எப்படியும் ஊசி வாங்கத்தான் போகிறோம், கிளியாகப் போட்டுக்கொள்கிறேனே என்றாள். பாஸ்போர்ட்டில் தேள் என்றுதான் இருக்கிறது என்றேன். கிளி பார்க்க லட்சணமாக இருக்கும் என்றாள். நொத்தேர் லட்சணம் பார்க்க மாட்டார் என்றேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே வலக்கையை நீட்டினாள். முழங்கையிலிருந்து இரண்டேகால் அங்குலம் என்று ஸ்கேலை வைத்து அளந்தேன். அங்கே நரம்பு ஓடியது. மேலே ஏற்றினால் ரவிக்கைக் கை மறைக்கும். மணிக்கட்டுப் பக்கம் இறக்கினால் வளையல் உரசிப் புண்ணாகும். நொத்தேர் கண்ணில் பட வேண்டும், அதே சமயம் அவர் உற்றுப் பார்க்கவும் கூடாது. அப்படி ஓர் இடம் மனிதக் கையில் இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். கடைசியில் உள்பக்கத்தில், நரம்புக்குச் சற்றுத் தள்ளி, பென்சிலால் ஒரு குறி போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய மார்க்கெட். மீன் பக்கத்து வாசலுக்கு வெளியே, ஒரு தகரப் பெட்டியும் படங்கள் ஒட்டிய அட்டையுமாகப் பச்சை குத்தும் பெண் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். நாற்பது வயது இருக்கும். வெற்றிலை மென்றுகொண்டே எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருக்கு? சாருக்கா?"

"இவனுக்கு ஊசின்னாலே காய்ச்சல் வந்துரும். எனக்குத்தான்" என்று அக்கா எதிரே பலகையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

நான் அந்தப் பெண்ணின் பின்னால் நின்று, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, டிரேசிங் தாளை விரித்தேன். அளவு, இடம், வால் திரும்ப வேண்டிய திசை எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் பாதியிலேயே கையமர்த்தினாள்.

"எந்தக் கையி சார்?"

"வலது. இதோ, இந்தக் கை" என்று ஸ்கேலால் தொட்டுக் காட்டினேன்.

அவள் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்பக்கத்தில் பழைய தேள் படுத்திருந்தது.

"இதுலதான் ஏற்கெனவே ஒண்ணு குந்திக்கினு இருக்கே சார்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். "டேய், அது நொட்டாங்கைடா!"

பக்கத்தில் கூடையோடு நின்ற மீன்காரம்மாகூடச் சிரித்தாள். நான் ஸ்கேலைப் பிடித்தபடி நின்றேன். என் வலப்பக்கத்தில் இருந்ததை வலது என்று சொல்லியிருக்கிறேன். விண்ணப்பம் நிரப்பிய அன்றும் இதேதான் செய்திருக்கிறேன்.

"எதுத்தாப்புல இருந்து பாக்குறவங்க எல்லாம் இப்டித்தான் சொல்லுவாங்க" என்று அந்தப் பெண் எனக்கு ஆறுதல் சொன்னாள். "நான் யாரு வந்தாலும் சாப்புடுற கையத் தூக்குன்னுவேன். தூக்குன பெறவுதான் ஊசி. குத்திட்டா அழிக்க முடியாது பாருங்க." இத்தனை வருட ஊழியத்தில் எந்தச் சுற்றறிக்கையும் எனக்கு இவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை.

தேளை மட்டும் போட மாட்டேன் என்றுவிட்டாள். "ஒரு ஒடம்புல ரெண்டு தேளு நான் போடுறதில்ல. ஒண்ண ஒண்ணு தேடிக்கினே இருக்கும். அப்புறம் அந்தப் பொம்பளைக்குத் தூக்கம் வராது."

நான் விதியை எடுத்துச் சொன்னேன்.

"ஒங்க ரூலு ஒங்க ஆபீஸ்ல சார். எங்க ரூலு இந்தப் பொட்டியில." பிறகு என்ன அவசரம் என்று அக்காவைக் கேட்டாள். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள், மகளின் முதல் கர்ப்பம் உட்பட. அந்தப் பெண் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இப்ப குத்துனா பதினஞ்சு நாளைக்குப் பொருக்கு இருக்கும்மா. பொருக்கோட போயி, சின்ன வயசுல குத்துனதுன்னு சொன்னா ஒத்துக்குவாரா அவரு? புடிச்சு உள்ள போட்டுருவாரு."

டிரேசிங் தாள் கொண்டுவந்தவனுக்குப் பொருக்கு ஞாபகம் வரவில்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ஒரே ஒரு சொல் இருந்தது: போச்சு.

வீடு திரும்பும் வழியில், மணிக்கூண்டைத் தாண்டும்போதுதான் எனக்கு அந்த நொத்தேரின் அறை ஞாபகம் வந்தது. வேறு வேலையாக நான் அங்கே போயிருக்கிறேன். பெரிய மேசை. ஒரு பக்கம் அவர். எதிர்ப்பக்கம் வந்தவர்கள். அவர் பக்கத்தில் நாற்காலி கிடையாது. அங்கே யாரும் போய் நின்றதும் இல்லை. எதிரே இருந்து பார்த்தால் என்னைப் போல அவருக்கும் இடக்கை வலக்கையாகத்தான் தெரியும்.

பச்சைக்கு இடம் பார்த்த அதே ஸ்கேலோடு, மிச்சமிருந்த நாட்களில் அக்காவுக்கு இடம் பார்த்தேன். சாய்ந்து உட்காரக் கூடாது. மேசைக்கு நேர் எதிரே. இடக்கையைத் திருப்பி நீட்ட வேண்டும், வலக்கை மடியில். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் நொத்தேராக உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம்.

"பொய் சொல்லச் சொல்றியா?"

"நீ வாயே திறக்க வேணாம். கையக் காட்டு, போதும்."

"கேட்டாருன்னா நொட்டாங்கைன்னுதான் சொல்லுவேன். எம் பொண்ணு புள்ள பெக்கப் போற நேரத்துல நான் பொய் சொல்ல மாட்டேன்."

இதற்கு என்னிடம் விதி எதுவும் இல்லை.

குறித்த நாளில் நொத்தேர் பாஸ்போர்ட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். எழுந்து வந்துவிடுவாரோ என்று அவர் நாற்காலியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அடையாளம்?" என்றார். அக்கா இடக்கையை நீட்டினாள். குனிந்து பார்த்தார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார்: தன் வலது முன்கையைத் தட்டிக்கொண்டு, அக்காவின் கையைப் பார்த்தார். மறுபடி தன் கையைத் தட்டினார். கண்ணாடியில் பார்ப்பதுபோல இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன. பிரெஞ்சில் வலது என்று முணுமுணுத்துக் குறி போட்டார்.

நாற்காலியின் கால்களிலிருந்து கண்ணை எடுத்தேன். உடனே அவர் தலையைத் தூக்கினார்.

"இது தேளா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "தேளுன்னுதாங்க குத்துனாங்க. நான் கிளிதான் கேட்டேன்."

நொத்தேர் அந்தக் கரண்டியை இன்னொரு முறை பார்த்தார். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. முத்திரையை எடுத்தவர், பாதியில் நிறுத்தி, தாளை என் பக்கம் திருப்பினார். அதன் இரண்டாம் பக்கத்தில், சாட்சியாக நான் போட்ட கையெழுத்துக்குக் கீழே தேதி இல்லை. வெட்கப்பட வேண்டிய தவறு. என் ஊழியத்திலேயே அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் தேதியையும் எழுதியதில்லை.

வெளியே தெருவுக்கு வந்ததும் அக்கா ஒரு சுவரோரமாக நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தாளும் ஒன்ன மாதிரியே நெறையாப் படிச்சவருடா."

விசா கிடைத்தது. பிரசவத்துக்கு எட்டு நாள் முன்பு அக்கா போய்ச் சேர்ந்தாள். வழியில் எந்த ஊர் அதிகாரியும் அவள் கையைக் கேட்கவில்லை என்பதைப் பிறகு எழுதினாள். அதற்கு முன்னால் வந்தது தந்தி: பெண் குழந்தை, இருவரும் நலம். அதை வாங்கியதும் நான் செய்த முதல் காரியம், மேசை இழுப்பறையிலிருந்து டிரேசிங் தாளை எடுத்துக் கிழித்துப் போட்டது. நாற்பது வயதுக்காரன், இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்காதவன், அன்று பிற்பகல் அலுவலகத்திலேயே நாற்காலியில் தூங்கினேன். என் சர்வீசில் அது ஒன்றுதான் ஒழுங்கீனம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்கா திரும்பி வந்தாள். வந்த அடுத்த மாசி மகத்தன்று காலையில் தனியாகக் கடற்கரைக்குப் போய்விட்டு, மஞ்சள் பூசிய வலக்கையோடு என் வாசலில் வந்து நின்றாள். மஞ்சளுக்கு அடியில், நான் பென்சிலால் குறித்த அதே இடத்தில், ஒரு கிளி.

பேத்தியைப் பார்க்க மறுபடி போக வேண்டி, பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் முறை வந்தது. பழைய பிழையையும் சேர்த்துத் திருத்திவிடலாம் என்று, முறையான உறுதிமொழிப் பத்திரத்தோடு உட்கார்ந்தேன். இந்த முறை மேசைக்கு எதிர்ப்பக்கம் போகவில்லை. என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அக்காவுக்குப் பக்கத்தில் போட்டு, அவள் பார்க்கும் திசையையே பார்த்து உட்கார்ந்தேன்.

"சாப்பிடுற கையைத் தூக்கு" என்றேன்.

தூக்கினாள். கிளி. எழுதினேன்.

"தள்ளி உக்காருடா" என்றாள் அக்கா, "கீரை உருவ எடமில்ல."