பதினான்கு நட்சத்திரங்கள் மீதி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இது எனக்கு நடந்தது. போன ஜூலையில், குற்றாலத்தில், பட்டப்பகலில்.

நான் வானியல் ஆராய்ச்சி செய்கிறவள். புதிதாகப் பிறந்த ராட்சதக் கோள்கள் இன்னும் சூடு ஆறாமல் மங்கலாக ஒளிவிடும். பெரிய தொலைநோக்கி கிடைத்தால் அவற்றை நேரடியாகவே படம் பிடித்துவிடலாம். எந்தெந்த இளம் நட்சத்திரங்களைச் சுற்றித் தேடுவது என்று நானும் என்னோடு வேலை பார்க்கும் ஜெனோவும் மூன்று வருடமாகப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம். அன்று மாலை 4:30-க்குள் அனுப்ப வேண்டும். தவறினால் தொலைநோக்கி நேரம் வேறு யாருக்காவது போய்விடும்.

அமைதியாக இருக்கும் என்று ஐந்தருவிச் சாலையில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தேன். நான் போனில் ஒவ்வொரு நட்சத்திரத்தின் எண்ணாக வாசிக்க, பெங்களூரில் ஜெனோ சரிபார்த்துக்கொண்டே வந்தான்.

3:40. கரண்ட் போனது. வெளியே சாரல்.

3:46. அறைக்கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பிறகு வெளியே... கிரீச்... தாழ்ப்பாள் போடும் சத்தம்.

இழுத்தேன். கதவு அசையவில்லை. ஜன்னலில் இரும்புக் கம்பி. வீட்டுக்காரர் வேல்சாமிக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, யாரோ வெளிய பூட்டிட்டாங்க!"

"நான் தென்காசிலல்லா இருக்கேன். அங்கன ஒருத்தரும் கிடையாதேம்மா. பதறாத, ஒரு மணி நேரத்துல வாரேன்."

வேறு வழியில்லை. ஜெனோவைத் திரும்ப அழைத்து வாசித்தேன்.

4:15. கதவில் தட்டும் சத்தம். மெதுவாக. மூன்று முறை.

"யாரு?"

ஒரு பெண் குரல். கதவுக்கு அந்தப் பக்கம்.

"நானும் உள்ளதாம்ட்டி இருக்கேன்..."

"கிருபா, கூட யாரு?" என்றான் ஜெனோ.

4:17. சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது. பதினான்கு நட்சத்திரங்கள் மீதி.

வாயைத் திறக்கப் பயந்து, சத்தமில்லாமல் நானே சரிபார்த்தேன்.

4:24. வெளியே தாழ்ப்பாள் விலகியது.

கிரீச்...

ஓடிப்போய் உள்ளே தாழ் போட்டேன்.

முதுகால் கதவை அழுத்தி உட்கார்ந்தேன். மடியில் லேப்டாப், அதில் செருகிய இன்டர்நெட் டாங்கிள்.

மறுபுறம் யாரோ மூச்சு விட்டார்கள்.

4:28. அனுப்பினேன்.

5:05-க்கு வேல்சாமி வந்தார். அவர் குரலை இருமுறை கேட்ட பிறகுதான் திறந்தேன்.

"வெளிய ஏதும்மா தாழ்ப்பா? இந்தக் கதவுக்கு உள்ள மட்டுந்தான உண்டு," என்றார்.

பார்த்தேன். வழவழப்பான மரம். ஒரு ஆணித் துளைகூட இல்லை. அன்றே பெட்டியைக் கட்டினேன்.

மூன்று மாதம் கழித்து, தொலைநோக்கி நேரம் கிடைத்த செய்தி வந்தது. பெங்களூரில் ஜெனோவிடம், "போன் செத்த பிறகு கடைசிப் பதினான்கையும் தனியாகத்தான் பார்த்தேன்," என்றேன்.

விழித்தான்.

"என்ன சொல்லுத? எல்லாத்தையும் நீதான எங்கிட்ட வாசிச்ச? ஒண்ணுகூடத் தப்பில்ல." தயங்கினான். "நடுவுல மட்டும், 'தொறந்து விடு, தொறந்து விடு'ன்னு அழுத... நான் எப்படி அங்க வந்து திறக்க முடியும்?"

தன் போனில் அன்றைய அழைப்பைத் தேடிக் காட்டினான்.

முடிந்த நேரம், 5:52.